அரிசி முசேயும் ஒரு துணுக்குக் கோதுமையும்

சைகோன் நகரத்தில் வெடிகுண்டுக்குப் பயப்படாத ஒரே தமிழர் அரிசி முசேதான். அதே அரிசி முசே ஒரு தட்டு பிஸ்கத்தைப் பார்த்து, மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடியதையும் நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன. டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் தலைமைக் குமாஸ்தா. நான் காரைக்காலிலிருந்து வந்து சேர்ந்த கடைசிக் குமாஸ்தா. யுத்தம் மும்முரமாக இருந்த காலம். ஒரு காலை ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் எங்கோ குண்டு விழுந்து, ஜன்னல் கண்ணாடியெல்லாம் கலகலத்தது. மானேஜர் முதல் பியூன் வரை எல்லோரும் மேஜைக்கடியில். நான் யாருடைய காலையோ கட்டிக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேலே மட்டும் டொக், டொக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் அரிசி முசே நாற்காலியில் உட்கார்ந்து காகிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார்.

"முசே, கீழ வாங்க!"

"மத்தியானம் விமானம் கெளம்பிடும் தம்பி. குண்டு வெழுந்தது அங்க. நமக்கென்னா?"

நாலு நாள் கழித்து மானேஜரின் மனைவி வீட்டில் செய்த பிஸ்கத்தோடு ஆபீசுக்கு வந்தாள். எல்லோருக்கும் தட்டை நீட்டினாள். அரிசி முசே எழுந்து நின்று தலை குனிந்து, "மெர்சி மதாம், வேணாம்" என்றார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு எட்டு வைத்தாள். இவர் இன்னொரு முறை "மெர்சி மதாம்" என்று சொல்லி ஒரு எட்டுப் பின்னால் போனார். அவள் மறுபடி வாயைத் திறப்பதற்குள் மாடிப்படியில் தாவி ஓடிவிட்டார். அன்று சாயங்காலம் கேட்டேன்.

"மூணாவது தடவ ஒரு பொம்பள கேட்டா மறுக்கக் கூடாதுடா தம்பி. அதான் கேக்க உடல" என்றார்.

புதுச்சேரி, காரைக்கால் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பழக்கத்தில், கொஞ்சம் இஸ்திரி போட்ட சட்டை போட்டால் யாரும் முசேதான், அதாவது ஐயாதான். இவருக்கு 'அரிசி' பிற்பாடு ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் இவரைப் போல ரொட்டியைக் காதலித்த ஆள் இந்தோசீனாவிலேயே கிடையாது. அந்த ஊரில் ரொட்டிக்குப் பான் மி என்று பெயர். முழங்கை நீளத்துக்கு, மொறுமொறுவென்று இருக்கும். காலையில் கூடைக்காரி இவர் சந்துக்குள் நுழைந்தால் முதல் ரொட்டி இவருக்குத்தான். அதையும் சும்மா வாங்க மாட்டார். ஒவ்வொன்றாக எடுத்து, காதோரம் வைத்து, விரலால் தட்டிப் பார்ப்பார். தர்பூசணி வாங்குபவர்கள் தட்டுவார்களே, அப்படி.

காப்பியில் தோய்த்து ஒன்று, மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பில் பிய்த்துப் போட்டு ஒன்று, சாயங்காலம் சும்மா நடந்துகொண்டே ஒன்று. ஊர் முழுக்க அரிசி தின்னும் நாட்டில் இருந்துகொண்டு, "சோறு தின்னா தூக்கம் வருதுடா" என்பார்.

இப்படிப்பட்டவர் திடீரென்று இளைக்க ஆரம்பித்தார். வயிறு மட்டும் உப்பியது, மற்றதெல்லாம் வற்றியது. எந்நேரமும் கொல்லைப்புறம்தான். கடைசியில் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? நம் ஆட்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன வாங்கிப் போகவேண்டும் என்பதில் சந்தேகமே கிடையாது. சோறு சேராது, ரொட்டிதான் சேரும். சைகோன் தமிழர் அத்தனை பேரும், கிறிஸ்தவர், துணிக்கடை நாகூர் பாய்மார், நான் உட்பட, ரொட்டியும் ரஸ்க்கும் வாங்கிக்கொண்டு போய் நின்றோம். கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் ரொட்டி விறகு அடுக்கியதுபோல் அடுக்கியிருந்தது. அவரும் எல்லோருடைய அன்பையும் மிச்சம் வைக்காமல் தின்றார். தின்னத் தின்ன நோய் முற்றியது. நாங்கள் இன்னும் அதிகமாக ரொட்டி வாங்கிப்போனோம்.

ஒரு கிழட்டு பிரெஞ்சு டாக்டர்தான் அந்த விறகுக் குவியலைப் பார்த்து அலறிவிட்டாராம். இது கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல். கோதுமை, பார்லி, ரை, இந்த மூன்றிலும் ஒரு துணுக்கு உள்ளே போகக்கூடாது. எத்தனை நாளைக்கு? சாகும்வரை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோதுமை ஆகாதா? சர்க்கரை வியாதிக்காரனுக்குக் கோதுமை, காய்ச்சல்காரனுக்குக் கோதுமை, பிள்ளை பெற்றவளுக்குக் கோதுமைக் கஞ்சி என்று வளர்ந்தவன் நான். தண்ணீர் ஆகாத மீன் என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேன். ஆனால் ரொட்டியை நிறுத்திய ஒரு மாதத்தில் மனிதர் எழுந்து உட்கார்ந்தார். மூன்றாம் மாதம் ஆபீசுக்கு வந்தார். அன்றிலிருந்து அவர் வாயில் ஒரே கேள்விதான்: "இது அரிசியா, கோதுமையா?" சாப்பாட்டுக்கடையில் கேட்பார், கல்யாண வீட்டில் கேட்பார், சாவு வீட்டில் காப்பி கொடுத்தால் காப்பியையும் கேட்பார். அரிசி முசே பிறந்தது அப்படித்தான்.

சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். ஒரு முறை எங்கள் பிரம்மச்சாரி மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்தார். சோறு, ரசம், அப்பளம். இதில் எங்கே கோதுமை வரும் என்று தைரியமாகக் கூப்பிட்டிருந்தேன். சாப்பிட்டவர் மறுநாள் ஆபீசுக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் ஒட்டிய கன்னத்தோடு நேரே மெஸ் சமையலறைக்குள் புகுந்தார். சமையல்காரர் காரைக்குடிப் பக்கத்து ஆள், யாரையும் அடுப்பங்கரைக்குள் விடாதவர்.

"என் சமையல்ல விஷம் வச்சேன்னு சொல்ல வந்தீகளா?"

அரிசி முசே நேரே சாமான் அலமாரிக்குப் போனார். ஒவ்வொரு டப்பாவாக எடுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். கடைசியில் பெருங்காய டப்பாவை என் மூக்குக்கு நேரே நீட்டினார். எறும்பு எழுத்தில் போட்டிருந்தது: கோதுமை மாவு.

சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். அத்தனை வருஷமாகக் கப்பலில் வரவழைத்து, பூஜை சாமான் மாதிரி பத்திரப்படுத்தி, சிட்டிகை சிட்டிகையாகக் கிள்ளிப்போட்ட பெருங்காயம் பாதிக்கு மேல் மாவா! சைகோன் தமிழர்களை அந்தச் செய்தி உலுக்கியதுபோல் யுத்தச் செய்திகூட உலுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வரும் நாளில் எங்கள் ரசத்துக்குப் பூண்டு மட்டும்தான்.

சபலம் இல்லாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் காலையில் கூடைக்காரி அதே சந்தில் வருவாள். தன் முதல் வாடிக்கைக்காரர் கைவிட்டதை அவளால் தாங்க முடியவில்லை. இவர் ஜன்னலுக்கு நேரே நின்று, இவரைப் போலவே ஒரு ரொட்டியை எடுத்துத் தட்டிக் காட்டுவாள். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது எனக்கு ஒரு ரொட்டி வாங்கிக் கொடுத்தார்.

"தின்னு தம்பி."

"நீங்க பாத்துக்கிட்டு இருக்க நான் எப்படி முசே..."

"பாக்கல. திரும்பி உக்காந்துக்கறேன். நீ நல்லா கடிச்சுத் தின்னு, நான் சத்தத்த மட்டும் கேட்டுக்கறேன்."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் கடித்தேன். அந்தப் பெரிய மனிதர் தோள் குலுங்கியது. நான் மீதி ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் ஒரு துணுக்குக் கேட்கவில்லை மனிதர்.

இவ்வளவு வரைக்கும் ஊர் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. சிரிப்பு நின்றது வேறு காரணத்தால்.

அரிசி முசே ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாத கத்தோலிக்கர். பூசையில் நன்மை வாங்குவது என்று ஒன்று உண்டு. எல்லோரும் பலிபீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியருகே வரிசையாக முழங்காலிட, சாமியார் ஒவ்வொருவர் நாவிலும் மெல்லிய வெள்ளை அப்பம் ஒன்றை வைப்பார். பாத்திரத்தில் உள்ள திராட்சை ரசம் சாமியாருக்கு மட்டும். சாவான பாவம் என்று அவர்கள் சொல்லும் பெரும் பாவத்தைச் செய்துவிட்டு, அதைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாதவன்தான் நன்மை வாங்காமல் உட்கார்ந்திருப்பான். இது அவர்களில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அரிசி முசே இரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தார்.

போதாததற்குச் சனிக்கிழமை தோறும் சோலோனுக்குப் போவார். சோலோன் சீனர்கள் பேட்டை. அங்கே ஒரு சீனப் பெண்மணி வீட்டுக்குள் நுழைவதையும், அரை மணி கழித்து ஒரு பொட்டலத்தோடு முகம் மலர வெளியே வருவதையும் பார்த்தவர்கள் உண்டு. சாவான பாவம், சனிக்கிழமை, சீனத்தி. மூன்றையும் கூட்டிப் பார்க்கத் தெரியாதவர்களா நம் ஆட்கள்? நானே கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன்.

ஒரு மத்தியானம் ஆபீசில் தூக்குச்சட்டியைத் திறந்தவர் என்னை அருகில் கூப்பிட்டார்.

"தம்பி, நீ அஞ்ஞானி. உங்கிட்ட சொன்னா பாவமில்ல."

அஞ்ஞானி என்றால் அவர்கள் பாஷையில் இந்து. அன்பாகத்தான் சொல்வார்.

"அந்த அப்பம் கோதுமையில செய்யறது. கடைசியா ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஈஸ்டருக்கு வாங்கினேன், மூணு நாள் எந்திரிக்க முடியல. டாக்டரு திட்டித் தீத்துட்டாரு."

"அப்ப சாமியார்கிட்ட சொல்ல வேண்டியதுதான முசே?"

பதறிப்போனார். "என்னான்னுடா சொல்லுவேன்? சாமியாரு மந்திரம் சொன்னப்புறம் அது அப்பமில்ல, ஆண்டவரு. ஆண்டவரு எனக்கு ஒத்துக்கலன்னு சொல்லச் சொல்றியா? அது கோதுமை இல்லன்னு எனக்குத் தெரியுது, வயித்துக்குத் தெரியலயே!"

அதோடு விடாமல் சோலோன் சமாசாரத்தையும் கேட்டுவிட்டேன். அந்தச் சீனப் பெண்மணிக்கு வயது எழுபதாம். கோதுமை படாத தனிக் கல்லில் அரிசி அரைத்து இவருக்கென்று சேவை பிழிந்து கொடுக்கிறாளாம். பொட்டலத்தில் இருந்தது அதுதான்.

இந்த நிலையில்தான் அவர் மகள் ஜூலிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தங்கமான பையன், ஜூலி அவனையே மூன்று வருஷமாக மனசில் வைத்திருந்தவள். மாப்பிள்ளையின் தகப்பனார்தான் வில்லங்கம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், எல்லோரும் சொல்தா என்று கூப்பிடுவார்கள். பட்டாளக்காரன் என்று அர்த்தம். மீசையும் அப்படித்தான் இருக்கும். கிறிஸ்தவர் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. அந்த வாரம் நான் முசே வீட்டில் இருந்தபோது சொல்தா வந்து நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"சம்பந்தி, வர்ற ஞாயித்துக்கெழம நீங்க நன்மை வாங்கணும். ஊரு பாக்க வாங்கணும். வாங்கலன்னா மூணாவது ஓலைக்கு நானே எந்திரிச்சுத் தடை சொல்லுவேன். கெட்ட நடத்தக்காரன் வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டேன்."

அரிசி முசே முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. மனிதர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. "சரிங்க சம்பந்தி" என்றார்.

சொல்தா போனதும் நான் பொறுக்கமாட்டாமல் கத்தினேன். "முழுங்கித் தொலைங்க முசே! நக அளவு அப்பம். மூணு நாள் படுக்கை, அவ்வளவுதான? பொண்ணு கல்யாணத்தைவிடப் பெரிசா?"

"அதான்டா யோசிக்கிறேன்" என்றார். அந்த மனிதர் தடுமாறியதை நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குள் ஜூலி வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "அப்பா, போன தடவ ரத்தமா போச்சு. நான்தான தொடச்சேன்? நீங்க வாங்கினா இந்தக் கல்யாணமே எனக்கு வேணாம்" என்றாள். இவருக்கு இரண்டு பக்கமும் இடி.

ஞாயிற்றுக்கிழமை நானும் கோயிலுக்குப் போனேன், கடைசி பெஞ்சுக்கு. எல்லோரும் எழுந்தால் எழுந்தேன், முழங்காலிட்டால் ஒரு கணம் தாமதமாக முழங்காலிட்டேன். அன்று கூட்டம் நெரிந்தது. அரிசி முசே என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க, வருஷத்துக்கு ஒரு தரம் வருபவர்கள்கூட வந்திருந்தார்கள். சாமியார் பிரெஞ்சுக்காரர், கிழவர். காரைக்கால் பக்கத்தில் வெகுகாலம் இருந்தவர். தமிழை ஞானோபதேசப் புத்தகத்திலிருந்தே கற்றதால் அச்சடித்த மாதிரி பேசுவார்.

நன்மை நேரம் வந்தது. அரிசி முசே எழுந்தார். கோயிலே ஒரு மூச்சு விட்டது. நடந்து போய் முழங்காலிட்டார். சொல்தா முன்பெஞ்சில் கழுத்தை நீட்டினார். சாமியார் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு இவரிடம் வந்தார். அப்பத்தை உயர்த்தினார். இவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். நான் பெஞ்சைப் பிடித்த பிடியில் என் நகம் வலித்தது.

"சாமி, எனக்குக் கோதுமை ஆவாது."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஈ பறந்தால் கேட்கும் அமைதியில் அது கடைசி பெஞ்சு வரை கேட்டது. யாரோ "அய்யோ, சேசுவே!" என்றார்கள். சாமியார் கை அந்தரத்தில் நின்றது.

"என்ன சொன்னீர்?"

"ஆண்டவர் மேல கோவமில்ல சாமி. சாவான பாவமும் இல்ல. டாக்டரு ஒரு துணுக்குக் கூடாதுன்னுட்டாரு. ரெண்டு வருஷமா வெக்கத்துல சொல்லாம கெடந்தேன். எம் பொண்ணு கல்யாணத்த நிறுத்திடாதீங்க."

சாமியார் முகம் சிவந்தது. "மூடரே! ஆண்டவர் அப்பத்திலும் முழுமையாய் இருக்கிறார், இரசத்திலும் முழுமையாய் இருக்கிறார். இதைச் சிறுபிள்ளையும் சொல்லுமே!"

"சொல்லும் சாமி. ஆனா ரசத்த நீங்க மட்டும்தான குடிக்கிறீங்க?"

 சாமியாரிடம் இப்படிப் பேசியவர் அதுவரை கிடையாது. நான் ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். கிழவர் கையிலிருந்த அப்பத்தைப் பாத்திரத்தில் திரும்ப வைத்தார். பிறகு இவர் தலைமேல் கை வைத்தார்.

"இப்படிப்பட்டவருக்கு இரசம் மட்டும் கொடுக்க இப்போது இடமுண்டு. மேற்றிராணியாரிடம் நானே உத்தரவு வாங்குகிறேன். இரண்டு வருஷம் பட்டினி கிடந்தீரே, மகனே!"

மேற்றிராணியார் என்றால் அவர்களுக்குப் பிஷப். பூசை முடிந்து மூன்றாவது ஓலை வாசித்தார்கள். எல்லோரும் சொல்தாவைப் பார்த்தார்கள். சொல்தா எழுந்திருக்கவில்லை. வெளியே முற்றத்துக்கு வந்ததும் நேரே இவரிடம் பாய்ந்தார்.

"வயித்து வலியா? வெறும் வயித்து வலியா? ஓய், ஒம்ம ரெண்டாவது பொண்டாட்டியத் தேடி நாலு சனிக்கெழம சிக்லோ வண்டியில சோலோன் பூரா சுத்தினேனே ஓய்!"

"கேட்டிருந்தா நானே கூட்டிக்கிட்டுப் போயிருப்பேனே சம்பந்தி. எழுவது வயசுக் கெழவி பிழியற நல்ல அரிசிச் சேவை" என்றார் அரிசி முசே.

சொல்தா மீசை துடித்தது. பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்ததும், பட்டாளத்துப் பழக்கத்தில் ஒரு சலாம் வைத்தார். "மன்னிச்சுக்குங்க சம்பந்தி. சண்டையில நின்னவன் நான். அந்த எடத்துல நின்னு அதச் சொல்ல எனக்குத் தைரியம் வராது."

கல்யாணம் மழைக்கால ஆரம்பத்தில் நடந்தது. அதற்குள் மேற்றிராணியாரின் உத்தரவும் வந்திருந்தது. அரிசி முசே பழைய கறுப்புக் கோட்டுக்குள் இருந்தார், மெலிந்த பிறகு தைக்கக் கொடுக்காததால் அது இவர்மேல் தொங்கியது. பூசையில் எல்லோரும் அப்பம் வாங்கி முடித்தபின், சாமியார் பலிபீடத்திலிருந்து பொன் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியிறங்கி வந்தார். சாதாரண மனிதன் ஒருவன் அதில் வாய் வைப்பதை அங்கே இருந்தவர்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. கிழவிகள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர், "நமக்கெல்லாம் அப்பம், இந்தாளுக்கு மட்டும் ரசம். நமக்கும் ஒரு வியாதி வரக்கூடாதா?" என்று முணுமுணுத்தார்.

அரிசி முசே ஒரு வாய் குடித்தார். எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. சொல்தாதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

பிறகு முற்றத்தில் மணமக்கள் மேல் எல்லோரும் அரிசி தூவிக்கொண்டிருந்தபோது, அவர் ஓரமாகத் தனியே நின்றார். வலிக்கிறதோ என்று பயந்து ஓடினேன்.

"என்னா முசே, வயிறா?"

இல்லை என்று தலையசைத்தார். கன்னமெல்லாம் ஈரம். "ரெண்டு வருஷமா என்னைக் கை உட்டுட்டாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா தம்பி."

"யாரு?"

மேலே காட்டினார். "உடல."

 அவர் சாமி வேறு, என் சாமி வேறு. ஆனால் அந்தப் பிடிவாதக்கார மனிதரைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. அத்தனை கூட்டத்துக்கு நடுவே, என் தலைமைக் குமாஸ்தா என்பதையும் மறந்து, அவரைக் கட்டிக்கொண்டேன்.